ஆறு விரல் தண்ணீர்

சேவுகன் கொத்தனார் சிட்டம்பாறைக்கு வந்து சேர்ந்தபோது அவனுக்கு ஐம்பத்தொரு வயது. அவன் தேடி வந்த குரு கண்ணாத்தாளுக்கு முப்பத்து மூன்று.

பாறையின் அடிவாரத்தில் ஒரு கல்மண்டபம். அங்கே கண்ணாத்தாள் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். சீடர்கள் ஐந்து பேர். ஐவரும் வளர்ந்தவர்கள். பிள்ளைகளை அவள் சேர்ப்பதில்லை. ஏன் என்று கேட்டால், "அவங்களுக்குக் கணக்கு இன்னும் கெட்டுப்போகலை" என்பாள்.

சேவுகன் வாய்க்கணக்கில் பேர்போனவன். கிணற்றின் சுற்றளவைச் சொன்னால், மூச்சு விடுவதற்குள் எத்தனை செங்கல் என்று சொல்லிவிடுவான். அப்படிச் சொல்லிக் கட்டிய ஒரு மாட்டுக்கொட்டில் சுவர் ஆவணி மாதம் சரிந்து விழுந்தது. அவனுடைய மைத்துனனின் வலது கால் முறிந்தது.

கும்பிட்டுவிட்டு இதையெல்லாம் அவன் சொன்னான். கண்ணாத்தாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க தப்பு பண்ணேன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியலம்மா. அதுதான் என்னைத் தின்னுது. தப்பு பண்ணினது கூட பரவாயில்ல."

"அந்தக் கணக்கை எப்படிப் போட்டீங்க?"

"மனசுல."

"மனசுல எப்படி?"

"அது எப்படிம்மா சொல்ல? வந்துச்சு."

கண்ணாத்தாள் ஒரு கணக்குச் சொன்னாள்.

"நாலு கொத்தனார் நாலு நாளில நாலு சுவர் கட்டுறாங்க. எட்டு கொத்தனார் எட்டு நாளில..."

"எட்டு."

"நான் இன்னும் முடிக்கல, அண்ணே."

"எட்டு சுவர்தானம்மா?"

அவள் எழுந்து போய் ஊருணிக் கரையிலிருந்து ஐந்து கூழாங்கற்களைப் பொறுக்கி வந்தாள். அவன் முன்னால் வைத்தாள்.

"இந்த விடை சரின்னு உங்களுக்கு எவ்வளவு நிச்சயம்? முழு நிச்சயம்னா அஞ்சு கல்லையும் உங்க பக்கம் நகர்த்துங்க. ஒண்ணுமே நிச்சயமில்லன்னா ஒரு கல்."

சேவுகன் ஐந்தையும் நகர்த்தினான். சிரித்துக்கொண்டே நகர்த்தினான். சுவர் கட்டுவது அவன் தொழில்.

"இப்ப கட்டிப் பாருங்க."

அவன் விரலை மடக்கினான். நாலு பேர் நாலு நாளில் நாலு சுவர் என்றால் ஒரு கொத்தனுக்கு ஒரு சுவர் கட்ட நாலு நாள் ஆகிறது. எட்டு நாளில் ஒருவன் இரண்டு கட்டுவான். எட்டுப் பேர் இருந்தால்...

விரல்கள் அப்படியே நின்றன.

"பதினாறு," என்றான். குரல் இறங்கிப்போயிருந்தது.

கண்ணாத்தாள் ஐந்து கற்களையும் எடுத்து மறுபடி நடுவில் வைத்தாள். "இங்கேயே தங்குங்க," என்றாள்.

மறுநாளிலிருந்து அதுதான் அவனுக்குப் பாடம். கணக்கைக் கேட்க வேண்டும். விடையைச் சொல்ல வேண்டும். சரிபார்ப்பதற்கு முன்னால் கல்லை நகர்த்த வேண்டும். எத்தனை கல், விடை சரியா தவறா என்று ஒரு ஓலையில் தானே குறித்துக்கொள்ள வேண்டும். கண்ணாத்தாள் ஒரு தடவைகூட 'தப்பு' என்று சொல்லவில்லை. 'சரி' என்றும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழிந்தது. ஒரு நாள் காலையில் அவள் வந்து அவன் அருகில் உட்கார்ந்தாள்.

"ஓலையை எடுங்க. அஞ்சு கல் வச்ச கணக்கு எத்தனை?"

அவன் எண்ணினான். "இருபத்தொன்பது."

"அதுல தப்பு?"

மறுபடி எண்ணினான். எண்ணி முடிக்க நேரமாயிற்று. "பதினொண்ணு."

"ஒரு கல் வச்சது?"

"மூணு."

"அதுல தப்பு?"

"ஒண்ணுமில்ல. மூணும் சரி."

அவள் எழுந்து போய்விட்டாள். சேவுகன் அந்த ஓலையை மடியில் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். கணக்கில் தப்பு வரும், அது எல்லோருக்கும் உள்ளதுதான். தப்பு வந்த இடத்தில்தான் தன் மனம் அதிகமாகச் சத்தியம் செய்திருக்கிறது என்பதை அவனால் ஜீரணிக்க முடியவில்லை.

அவனுக்குப் பக்கத்தில் வெள்ளையம்மை என்று ஒருத்தி. பாய் முடைகிறவள், நாற்பது வயது. கணக்கில் ரொம்ப மந்தம். சேவுகன் மூன்று கணக்கை முடிக்கும் நேரத்தில் அவள் ஒன்றைத்தான் தொட்டிருப்பாள். அதோடு அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. கணக்குப் போடும்போது வாய் ஓயாமல் முணுமுணுப்பாள்.

சேவுகனால் பொறுக்க முடியவில்லை. கண்ணாத்தாளிடம் போனான்.

"அம்மா, அந்தத் தங்கச்சியைக் கொஞ்சம் வாயை மூடிக்கிட்டுப் போடச் சொல்லுங்க. காதுல வண்டு புகுந்த மாதிரி இருக்கு."

"அப்படியா? என்ன முணுமுணுக்கிறாங்க?"

"யாருக்குத் தெரியும்?"

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க. நாளைக்கு நீங்க கணக்குப் போட வேண்டாம். அவங்க சொல்றதை ஒண்ணு விடாம எழுதிட்டு வாங்க."

இது தண்டனையா பாடமா என்று அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் மறுநாள் ஓலையும் எழுத்தாணியுமாக வெள்ளையம்மையின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மறந்துவிட்டாள்.

அன்றைய கணக்கு இது: ஒரு நெற்குதிர். அதைப் போலவே இன்னொரு குதிர், ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றும் இரண்டு மடங்கு. முதல் குதிரைப் போல எத்தனை பங்கு நெல் பிடிக்கும்?

சேவுகனுக்கு விடை சட்டென்று வந்தது. வாயை இறுக்கிக்கொண்டு எழுதத் தொடங்கினான். வெள்ளையம்மை சொன்னது ஓலையில் இப்படி இருந்தது:

"ரெண்டு மடங்குன்னு நாக்கு நுனியில நிக்குது. இரு, ஓடாத. ரெண்டுங்கிற சத்தம் காதுல விழுந்துச்சு, அதனால ரெண்டுன்னு சொல்லுது. சரி, பாயின்னா எனக்குத் தெரியும். நீளமும் அகலமும் ரெண்டு மடங்கானா கோரை நாலு மடங்கு வேணும். அப்ப நாலா? இரு. இது நான் முந்தி போட்ட கணக்கு மாதிரியே இருக்கு. அதான் பயமா இருக்கு. குதிரு பாய் இல்லையே. பாய்க்கு உசரம் இல்ல. இப்ப நான் என்ன செய்யணும்? நாலு பாயை விரிச்சு, அது மேல இன்னொரு அடுக்கு. அப்ப எட்டு. எட்டுன்னு நம்புறேனா? கொஞ்சம் நம்புறேன். சின்னக் குதிரா வச்சு ஒரு தடவை பார்த்துக்கறேன்."

அவள் களிமண்ணை உருட்டி, பகடை போலச் சின்னச் சின்னக் கட்டியாக எட்டுக் கட்டி செய்தாள். அடுக்கிப் பார்த்தாள். மூன்று கல்லை நகர்த்தினாள். பிறகு நாலாவதையும் நகர்த்தினாள். ஐந்தாவதைத் தொடவில்லை.

சேவுகனுக்குச் சட்டென்று வந்திருந்த விடை நாலு.

எழுதிய ஓலையை அவன் கண்ணாத்தாளிடம் கொடுக்கவில்லை. தானே திரும்பத் திரும்பப் படித்தான். 'அதான் பயமா இருக்கு' என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் நின்றான். பழகிய கணக்கின் முகத்தைக் கண்டால் அவனுக்குச் சந்தோஷம்தான் வரும். இவளுக்கு அங்கேதான் பயம் வருகிறது.

மூன்றாம் நாள் ஊருணிக் கரையில் குளித்துக்கொண்டிருந்தவன் ஈர வேட்டியோடு மண்டபத்துக்கு ஓடி வந்தான்.

"அம்மா, அந்தச் சுவரு. மைத்துனன் கொட்டில் சுவரு. அதுக்கு முந்தின மாசம்தான் செம்மண் காட்டுல அதே மாதிரி ஒரு கொட்டில் கட்டினேன். அதே நீளம், அதே உசரம். அஸ்திவார ஆழமும் அதையே போட்டுட்டேன். மைத்துனன் காடு கரிசல். மழைக்கு ஊறி விரியும், வெயிலுக்கு வெடிக்கும். அது எனக்குத் தெரியும்மா. நல்லாவே தெரியும். ஆனா நான் மண்ணைக் கேக்கவே இல்ல. பழைய சுவரைப் பார்த்தேன், சொல்லிட்டேன்."

தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"போய்த் தலையைத் துவட்டுங்க," என்றாள் கண்ணாத்தாள்.

அன்றிலிருந்து சேவுகனும் முணுமுணுக்க முயன்றான். முதலில் வாயே வரவில்லை. கணக்கைக் கேட்டதும் விடை முந்திக்கொண்டு வந்து நிற்கும். அதைத் தள்ளி நிறுத்திவிட்டு, 'நீ எந்த வழியா வந்தே?' என்று கேட்டால் பதில் இருக்காது. தன் மனதோடு பேசுவது ஊமையோடு பேசுவது போலிருந்தது. ஐப்பசி பிறக்கும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. அவனுடைய கற்கள் ஐந்திலிருந்து நாலாயின, மூன்றாயின. கணக்குப் போடும் வேகம் பாதியாகக் குறைந்தது. வெள்ளையம்மை ஒரு நாள், "அண்ணே, கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்," என்றாள்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது.

பதினாறு நாள் மழைக்குப் பிறகு வானம் வெளுத்த ஒரு காலையில் குருந்தங்குடி ஊர்த்தலைவரான அம்பலகாரர் வயிரவன் சேற்றோடு மண்டபத்துக்கு வந்தார். குருந்தங்குடி அங்கிருந்து ஒரு நாழிகை நடைதூரம். ஊருக்கு மேற்கே கண்மாய். கண்மாய்க் கரையின் அடியில் நாற்பது வீடு.

"கரை கசியுது தாயி," என்றார். "பழைய வேப்பமரம் இருந்த இடம். வேர் மக்கி உள்ள ஓட்டை விழுந்திருக்கு. வைக்கோலும் களிமண்ணும் வச்சு அடைச்சிருக்கோம். வரத்துக்காலை மறிச்சாச்சு, புதுத் தண்ணி வராது. விடிஞ்சதும் ரெண்டு மடையையும் திறந்துவிட்டாச்சு. மடை பார்க்கிற நீர்பாய்ச்சி முத்திருளன் சொல்றான், அடைப்பு நாளைக்குப் பொழுது சாயிற வரைக்கும் தாங்கும்னு. அதுக்குள்ள பத்துச் சாண் தண்ணி இறங்கிட்டா கசிவு இருக்கிற இடம் வெளிய வந்துரும், கரைக்கு ஒண்ணுமில்ல. இறங்குமா? இறங்கும்னா சனங்க இருக்கட்டும். இறங்காதுன்னா காலி பண்ணணும். என் மருமகளுக்குப் பிள்ளை பிறந்து அஞ்சு நாள்தான் ஆச்சு."

கண்ணாத்தாள் சீடர்களைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க போயிட்டு வாங்க."

சேவுகன் எழுந்தான். "நீங்க வரலையாம்மா?"

"நான் எதுக்கு?"

அவன் அம்பலகாரரோடு நடந்தான்.

கண்மாய் கடல் போல விரிந்து கிடந்தது. இரண்டு மடைகளிலும் தண்ணீர் இரைந்துகொண்டு வெளியேறியது. விடிந்தபோது தண்ணீர் நின்ற மட்டத்தை முத்திருளன் ஒரு கருவேலங்குச்சியை நட்டுக் குறித்து வைத்திருந்தான். சேவுகன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் குச்சியின் பக்கத்திலேயே நின்றான். உச்சிவேளையில் அளந்தான். விடிந்ததிலிருந்து இரண்டு சாண் இறங்கியிருந்தது. சரியாக இருபத்து நாலு விரல்.

கரையேறும்போதே விடை வந்துவிட்டது. கால் நாளில் இரண்டு சாண். பத்துச் சாணுக்கு ஐந்து கால் நாள். அப்படியானால் நாளை உச்சிக்குள் இறங்கிவிடும். அடைப்பு தாங்குவதோ நாளை பொழுது சாயும்வரை. கால் நாள் மிச்சம் இருக்கிறது.

கரையில் ஊரே நின்றது.

"நாளைக்கு உச்சிக்கெல்லாம் இறங்கிரும்," என்றான் சேவுகன். "யாரும் எங்கயும் போக வேண்டாம்."

ஒரு பெண் வாய்விட்டு அழுதுவிட்டாள். கட்டிவைத்த மூட்டைகளைச் சனங்கள் அவிழ்க்கத் தொடங்கினார்கள். அம்பலகாரர் அவன் தோளைத் தட்டினார். யாரோ ஒரு செம்பு கூழ் கொண்டுவந்து கொடுத்தார்கள். சேவுகன் கரைமேல் உட்கார்ந்து குடித்தான். பசியில் அமிர்தமாக இருந்தது.

பாதிக் கூழில் அவன் தன்னையே கேட்டுக்கொண்டான். இதற்கு எத்தனை கல்?

ஐந்து.

கையில் செம்பு நின்றுவிட்டது.

"என்ன கொத்தனாரே, உப்பு பத்தலையா?" என்றான் பக்கத்தில் நின்ற முத்திருளன்.

சேவுகன் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தான்.

"இப்ப நான் என்ன செஞ்சேன்? காலையில இறங்கினதை அளந்தேன். அஞ்சால பெருக்கினேன். ஏன் பெருக்கினேன்? இனிமேலும் அதே மாதிரி இறங்கும்னு நெனச்சேன். யார் சொன்னா? யாரும் சொல்லல. நானா வச்சுக்கிட்டது. எங்க இருந்து வந்துச்சு? காலையில ரெண்டு வரிசை கட்டினா மத்தியானமும் ரெண்டு வரிசை. அது சுவரு. நான் சுவரைப் பார்த்துட்டுக் கண்மாய்க்கு விடை சொல்லிட்டேன்."

முத்திருளன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

"முத்திருளா, தண்ணி காலையில போன மாதிரியே சாயங்காலமும் போகுமா?"

"அது எப்படிப் போகும்? மேல தண்ணி நெறைய நின்னாத்தான் மடை பீச்சி அடிக்கும். குறையக் குறைய மடைக்கு மூச்சு வாங்கும்."

"இதை ஏன்யா உச்சியில சொல்லல?"

"நீங்க கேக்கலையே. கணக்குப் போடுறவரு நீங்கதான."

சேவுகன் செம்பைக் கீழே வைத்தான். எவ்வளவு குறையும் என்று அவனுக்குத் தெரியாது. முத்திருளனுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. மறுபடி தண்ணீரில் இறங்கினான். பொழுது சாயும்வரை குச்சியை விட்டு நகரவில்லை. கால் விறைத்துவிட்டது. மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. இருபத்து நாலு விரல் இறங்கிவிட வேண்டும் என்று வேண்டினான். அப்படி வேண்டிக்கொண்டு அளந்தால் கண் ஏமாற்றும் என்று, முத்திருளனையும் கூப்பிட்டுத் தனியாக அளக்கச் சொன்னான்.

இருவருக்கும் ஒரே அளவுதான் வந்தது. இருபத்திரண்டு விரல். காலையைவிட இரண்டு விரல் குறைவு.

முத்திருளன் சிரித்தான். "ரெண்டே ரெண்டு விரல். இதுக்கா இத்தனை பாடு?"

சேவுகன் ஈர மண்ணில் உட்கார்ந்து எழுதினான். ஒவ்வொரு கால் நாளுக்கும் இரண்டிரண்டு விரல் குறைந்தால்: இருபத்து நாலு, இருபத்திரண்டு, இருபது, பதினெட்டு, பதினாறு, பதினாலு. நாளை பொழுது சாயும்போது மொத்தம் நூற்றுப் பதினாலு விரல். பத்துச் சாண் என்பது நூற்றிருபது.

ஆறு விரல் மிச்சம் நிற்கும்.

அவன் அதை அழிக்காமல் திரும்பப் பார்த்தான். இதிலும் ஒரு ஊகம் இருந்தது. இரண்டிரண்டாகத்தான் குறையும் என்று யாரும் சொல்லவில்லை. அதையும் பக்கத்தில் எழுதினான். இதற்கு எத்தனை கல் என்று கேட்டுக்கொண்டான். மூன்று. அதற்கு மேல் கை போகவில்லை.

ஊருக்குள் விளக்கு ஏற்றும் நேரம். மறுபடி தூறத் தொடங்கியிருந்தது. அம்பலகாரர் வீட்டு வாசலில் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். சேவுகன் போய் நின்றான்.

"உச்சியில நான் சொன்னது தப்பு," என்றான்.

ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"காலையில இறங்கின மாதிரி மத்தியானம் இறங்கல. நாளைக்குப் பொழுது சாயும்போது ஆறு விரல் மிச்சம் நிக்கும்னு தோணுது. விடிஞ்சதும் சனங்களைக் கிளப்பிருங்க."

அம்பலகாரர் எழுந்து வந்தார்.

"உச்சியில அடிச்சுச் சொன்னியே. அதை நம்பித்தான மூட்டையை அவுத்தோம். இப்ப வந்து தோணுதுங்கிற. இதையாவது உறுதியாச் சொல்லு. கரை உடையுமா, உடையாதா?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்குக் கிளம்பச் சொல்ற?"

"ஆறு விரல் நிக்கும்னு பாதிக்கு மேல நம்புறேன். அந்த ஆறு விரலைக் கரை தாங்குமான்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத இடம் எங்க ஆரம்பிக்குதுன்னு மட்டும் சொல்ல வந்தேன்."

"இவனை அனுப்பினாளே அந்தப் புண்ணியவதி," என்றது ஒரு குரல். நாலு பேர் சிரித்தார்கள். வேறு சிலர் சிரிக்கவில்லை. விதைநெல் நனையும் என்றார் ஒருவர். நடக்கமுடியாத பூசாரியைக் கட்டிலோடு தூக்க வேண்டும் என்றார் இன்னொருவர். சேவுகன் தலைகுனிந்து நின்றான். உச்சியில் தோளைத் தட்டிய கை இப்போது இடுப்பில் ஊன்றியிருந்தது.

வீட்டுக்குள்ளிருந்து அம்பலகாரரின் மருமகள் சிகப்பி வாசற்படி வரை வந்தாள். மார்போடு குழந்தை.

"மாமா, விடிஞ்சதும் நான் கிளம்புறேன்."

"பச்சை உடம்போடயா? மழைத் தூத்தல்லயா?"

"பேரைக் காப்பாத்திக்க நெனைக்கிறவரா இருந்தா உச்சியில சொன்னதையே திருப்பிச் சொல்லிட்டுப் போயிருப்பாரு. எல்லாரும் பார்க்க வந்து தப்புன்னு சொல்றாரே."

அம்பலகாரர் மருமகளையும் சேவுகனையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே போனார். விடிந்ததும் முதல் வண்டி அவர் வீட்டிலிருந்துதான் புறப்பட்டது. நாற்பது வீடும் பாறை மேட்டுக்குப் போயிற்று.

சேவுகனும் முத்திருளனும் மட்டும் கரையில் இருந்தார்கள். நாள் முழுக்கத் தூறியது. இருவரும் மாறி மாறிக் களிமண் சுமந்து அடைப்பில் மிதித்தார்கள். பொழுது சாயும்போது அளந்தார்கள். கசிவு இருந்த மட்டத்துக்கு மேல் ஆறு விரல் தண்ணீர் நின்றது.

அடைப்பு ஊறி நெகிழ்ந்து கொடுத்தது. ஆனால் போகவில்லை. மறுநாள் விடியும்போது தண்ணீர் கீழே இறங்கிவிட்டது.

கரை நின்றது.

சனங்கள் திரும்பி வந்தார்கள். விதைநெல்லில் பாதி முளைவிட்டுப் போயிருந்தது. பூசாரியைத் தூக்கிய கட்டிலின் கால் ஒடிந்திருந்தது. சிகப்பியின் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் கண் திறக்கவில்லை. அந்த மூன்று நாளும் சேவுகன் ஊர்ச்சாவடியிலேயே கிடந்தான். அவனுக்கு யாரும் சோறு போடவில்லை. முத்திருளன் மட்டும் ஒரு வேளை கொண்டுவந்தான். நாலாம் நாள் குழந்தை பால் குடித்தது என்று கேட்ட பிறகே அவன் சிட்டம்பாறைக்குத் திரும்பினான்.

அவனுக்கு முன்னால் அம்பலகாரர் அங்கே வந்து உட்கார்ந்திருந்தார்.

"உங்க சீடன் முதல்ல சொன்னதைக் கேட்டிருந்தா ஒரு நட்டமும் இல்ல தாயி. ரெண்டாவது சொன்னதைக் கேட்டுத்தான் இத்தனையும். ஊருல இவருக்கு ரெண்டு வாக்குக் கொத்தன்னு பேரு வச்சிருக்காங்க."

கண்ணாத்தாள் கேட்டாள்: "பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா?"

"விட்டுச்சு."

"தாய்க்கு?"

"நல்லாருக்கா." அம்பலகாரர் எழுந்தார். வாசலில் சேவுகனைப் பார்த்தார். திட்டவில்லை. "வாரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சேவுகன் உள்ளே வந்து உட்கார்ந்தான். வெள்ளையம்மை அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் மறுபடி முணுமுணுக்கத் தொடங்கினாள். கண்ணாத்தாள் மழையில் ஒழுகிய மூலையில் ஓலைச்சுவடிகளைப் பிரித்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கரை உடைஞ்சிருந்தா நான் சொன்னது சரின்னு ஊரு சொல்லியிருக்கும்," என்றான். "நின்னுருச்சு. அதனால தப்புங்குது."

"பொழுது சாயும்போது எவ்வளவு தண்ணி நின்னுச்சு?"

"ஆறு விரல்."

"நீங்க சொன்னது?"

"ஆறு விரல்."

அவள் இன்னொரு ஓலையை எடுத்தாள்.

"அதில்லம்மா," என்றான் சேவுகன். "கணக்கு சரி, அது எனக்குத் தெரியும். கிளம்பச் சொன்னேனே, அதைத்தான் கேக்குறேன். நான் நிதானமா யோசிச்சுச் சொன்னேனா, உச்சியில பண்ணின தப்புக்குப் பயந்துபோய்ச் சொன்னேனா? அந்தக் குழந்தை கண்ணைத் திறக்காம கிடந்த மூணு நாளும் இதையே கேட்டுக்கிட்டு இருந்தேன். விடை கிடைக்கல. நீங்கதான் சொல்லணும்."

கண்ணாத்தாள் துடைத்த ஓலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஈரம் போயிருந்தது. அதை மற்றவற்றோடு வைத்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"இதை இப்ப என்கிட்ட கேக்குறது யாரு, அண்ணே? தண்ணியில நின்னு அளந்தவரா, ஊருல திட்டு வாங்கினவரா?"

சேவுகன் வாய் திறந்தான். முதலில் வந்த விடையைச் சொல்லவில்லை.